லாங் ஆர்ம் போடலாமா? கோலாலம்பூர் காட்டுவழி ஓட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலை செகாம்புட்டில் ஏதாவது ஒரு ஃபோர் வீல் பட்டறை வாசலில் நின்று பாருங்கள். பசியாறிவிட்டு வந்த நாலு பேர் ஒரு ஜீப்பின் வயிற்றுக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் "லாங் ஆர்ம் போட்டுவிடலாமா?" என்பதில்தான் வந்து நிற்கும். எனக்கு வீடு செந்தூலில். ஜீப் ராங்லர் டிஜே ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு லாங் ஆர்மை முதலில் அவசரப்பட்டுப் போட்டேன். பிறகு கழற்றி நிதானமாகப் போட்டேன். மெக்கானிக் அல்லாத என்னிடமும் கேட்கிறார்கள் என்றால் அந்த இரண்டு செலவும்தான் காரணம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

லாங் ஆர்ம் என்று எதைச் சொல்கிறார்கள்?

காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். அச்சு முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்து வைப்பது சேஸிஸிலிருந்து அச்சுக்குப் போகும் இரும்புக் கைகள். டிஜேயில் முன்னால் நான்கு, பின்னால் நான்கு; ஒவ்வொன்றிலும் கீழ்க்கை இரண்டு, மேல்கை இரண்டு. அச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்க முன்னும் பின்னும் ஒவ்வொரு டிராக் பார். கம்பெனி கொடுத்த கீழ்க்கை ஏறக்குறைய 16 அங்குலம். லாங் ஆர்ம் என்பது அதைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட இருமடங்கு நீளமுள்ள கையைப் போடுவது. சேஸிஸில் அது பிடித்துக்கொள்ளும் இடமும் வண்டியின் நடுவயிற்றை நோக்கி நகரும். புதிய இடத்தில் புதிய பிராக்கெட் வேண்டும். பழைய பிராக்கெட்டைப் பெரும்பாலும் அறுத்து எறிய வேண்டியிருக்கும். இந்தக் கடைசி வரியைப் படிக்காமல் ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு.

கை நீண்டால் என்ன லாபம்?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் பலகை சட்டென்று மேலே ஏறும். கயிறு நீண்டால் அதே தூரத்தை ஏறக்குறைய தரையோடு தரையாகக் கடக்கும். கைக்கும் இதே கணக்குதான்.

கை முதலில் தரைக்கு இணையாக இருந்தது என்று வைத்துக்கொண்டு, வண்டியை 4 அங்குலம் உயர்த்துவோம். 16 அங்குலக் கை 14 பாகைக்குமேல் கீழ்நோக்கிச் சாயும். 32 அங்குலக் கையோ 7 பாகையளவுதான் சாயும். குட்டைக் கை அச்சை அரை அங்குலம் உள்ளே இழுக்கும், நீண்ட கை கால் அங்குலம். இது வண்டி நின்றுகொண்டிருக்கும்போது. பள்ளத்தில் சக்கரம் இன்னும் 4 அங்குலம் தொங்கும்போது குட்டைக் கை மேலும் ஒன்றரை அங்குலத்துக்குமேல் அச்சை இழுத்துவிடும், நீண்ட கை முக்கால் அங்குலத்தோடு நின்றுவிடும்.

முதுகுக்குத் தெரியும் வித்தியாசம் முன்சக்கரத்தில்தான் அதிகம். முன்னால் கை சேஸிஸிலிருந்து முன்நோக்கிப் போகிறது. செங்குத்தாகச் சாய்ந்த குட்டைக் கையின் நுனியில் இருக்கும் சக்கரம் மேலே ஏற வேண்டுமானால் முன்னாலும் நகர்ந்தாக வேண்டும். மேட்டில் மோதும் சக்கரம் பின்வாங்கத்தானே பார்க்கும்? இங்கே கை அதை மேட்டுக்குள்ளேயே தள்ளுகிறது. 'டங்' என்று சேஸிஸில் கேட்கும் அடி அதுதான். பின்னால் கை பின்நோக்கிப் போவதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வேறு சிக்கல்: செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்கும்போது சாய்ந்த கை வண்டியின் பின்பக்கத்தை உந்தித் தூக்கும், சக்கரம் பிடி இழந்து துள்ளும். பணம் ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது, தினமும் சாலையிலும் ஓட்டுகிறீர்கள் என்றால் முன்பக்கத்தை முதலில் செய்யுங்கள்.

எத்தனை அங்குலம் உயர்த்தினால் இது தேவைப்படும்?

டிஜே, செரோக்கி போன்ற குட்டைக் கை ஜீப்புகளில் 2 அங்குலம் உயர்த்தியவருக்குத் தேவையே இல்லை. 3 அங்குலம் வரை கம்பெனிக் கையோ, அதே நீளத்தில் திருகி நீட்டக்கூடிய கையோ போதும். 4 அங்குலத்தில்தான் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. அதற்கும் மேலே போய் 35 அங்குல டயர் போடுபவருக்கு லாங் ஆர்ம் ஆடம்பரம் அல்ல. 2007இல் வந்த அடுத்த ராங்லரான ஜேகேயில் டிஜேயைவிட நீளமான கைகள் கம்பெனியிலேயே உண்டு. அதனால் அதற்கு இந்த எல்லை இன்னும் தள்ளிப்போகும். கைகளின் சேஸிஸ் முனையைச் சற்றுக் கீழே இறக்கும் பிராக்கெட் ஒன்றிலேயே பலர் நிம்மதியாக ஓட்டுகிறார்கள்.

நடுத்தர நீளத்தில் 'மிட் ஆர்ம்' என்றும் ஒன்று இருக்கிறது. டிஜேயின் நடுவயிற்று இடைவெளியைக் கெடுக்காமல் பாதிக்குமேல் பலனைத் தரும். இன்று நான் புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

மலேசியக் காட்டுச் சேற்றில் இது உதவுமா?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி, ஒருவரும் கேட்பதில்லை.

லாங் ஆர்ம் பற்றி நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பாறைகளில் எடுத்தவை. காய்ந்த பாறையில் சக்கரம் எவ்வளவு தூரம் தொங்கி நிலத்தைத் தொடுகிறதோ அவ்வளவு பிடி கிடைக்கும். நம்முடையது வேறு நிலம். செம்மண், வேர், விழுந்த மரம், லாரி உழுது வைத்த ஆழமான தடம், மேலே தினமும் மழை. தடத்தில் வயிறு உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் எவ்வளவு நெளிந்தாலும் பயன் இல்லை. 1997இல் இந்நாட்டில் தொடங்கி, பருவமழைக் காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி வண்டிகளைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது விஞ்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கேபிளால் இழுக்கும் உருளை), பிறகு மண் டயர். கை நீளம் அதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

ஆகவே என் வரிசை இது: நல்ல மண் டயர், நம்பக்கூடிய விஞ்ச், பின் அச்சிலாவது ஒரு லாக்கர், அதாவது இரு சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுழலவைக்கும் கருவி. இந்த மூன்றும் இல்லாத வண்டிக்கு லாங் ஆர்ம் போடுவது, குடிசைக்குக் கோபுரக் கலசம் வைப்பதைப் போன்றது. இதைச் சொன்னதற்காக ஒரு தம்பி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு உலு லங்காட்டுப் பக்கம் ஒரு தடத்தில் அவரை நான் கேபிள் போட்டு இழுத்தபோது பேசினார்.

அப்படியானால் யாருக்குத்தான் பயன்? வண்டியை ஏற்கெனவே உயர்த்திவிட்டு, சாலையில் முரட்டு அடியாலும் ஏற்றத்தில் துள்ளலாலும் அவதிப்படுபவருக்கு. ஆற்றுப் படுகைப் பாறைகளில் அடிக்கடி ஏறி இறங்குபவருக்கு. தோட்டத்துப் பாதையில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு. செம்பனைத் தோட்டத்து அலையலையான மண்சாலையில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

என்னிடம் ஹைலக்ஸ் இருக்கிறது. போட முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. இன்றைய ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் போன்றவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. குறுக்கே முழு அச்சு கிடையாது. ரேஞ்சர், ஹைலக்ஸ் பிக்கப்புகளில் பின்னால் பொதுவாகப் பட்டை ஸ்பிரிங். அந்தப் பட்டையே கையின் வேலையையும் செய்கிறது.

ஜிம்னி, டிஃபெண்டர், பழைய லேண்ட் குரூசர்?

ஜிம்னியின் காயில் ஸ்பிரிங் மாதிரிகள், பழைய டிஃபெண்டர், 80 வரிசை லேண்ட் குரூசர் மூன்றிலும் முன்னால் ரேடியஸ் ஆர்ம், அதாவது பக்கத்துக்கு ஒரே பெரிய கை. அந்தக் கைகள் முன்னமே ஓரளவு நீளமானவை. 2 அங்குலம் உயர்த்தினால் காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) திருத்தும் புஷ்ஷோ, அதாவது கைமுனையில் வரும் ரப்பர் வளையமோ, திருத்திய கையோ போட்டால் போதும்.

செரோக்கி எக்ஸ்ஜே தனிக்கதை. 1984 முதல் 2001 வரை வந்த அந்த வண்டியில் தனி சேஸிஸ் இல்லை. உடலோடு சேர்ந்த மெல்லிய தகட்டுப் பெட்டிதான் சேஸிஸின் வேலையைச் செய்கிறது. அதன் முன்பக்கத்துக்கு லாங் ஆர்ம் போடலாம், ஆனால் தகட்டுக்கு மேல் வலுவூட்டும் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான். நேரடியாகப் பிராக்கெட்டைப் பற்றவைத்தால் ஒரு நாள் காட்டில் தகட்டோடு பெயர்ந்து வரும்.

ரேடியஸ் ஆர்ம், மூன்று கை, நான்கு கை: எதை எடுப்பது?

ரேடியஸ் ஆர்ம் வகையில் பக்கத்துக்கு ஒரு பெரிய கை. மேல்கை அதன் மீதே வந்து சேரும். சேஸிஸில் பிராக்கெட் குறைவு, பொருத்துவது எளிது, விலையும் குறைவு. குறை என்னவென்றால், ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது இரண்டு கைகளும் அச்சுக்குழாயை எதிரெதிராக முறுக்கப் பார்க்கும். அச்சு முறுக்கிக்கொள்ளாது, புஷ்தான் நசுங்கும். நெளிவும் ஓரளவுக்குமேல் கிடைக்காது. சாலையில் இதே குணம் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வதால் சிலருக்கு இது பிடிக்கவும் செய்கிறது.

மூன்று கை என்றால் கீழே இரண்டு, மேலே ஒன்று, கூடவே டிராக் பார். முன் அச்சுக்கு என் தேர்வு இதுதான். முறுக்கம் இல்லை, எஞ்சின் பக்கத்தில் இடமும் மிச்சம். ஆனால் அந்த ஒற்றை மேல்கையின் பிராக்கெட் பெரும் விசையைத் தாங்குகிறது. அதில் கஞ்சத்தனம் கூடாது.

நான்கு கைகளில் மேல் இரண்டை முக்கோணமாகச் சாய்த்து வைத்தால் டிராக் பாரே தேவையில்லை; பின் அச்சுக்கு மிக நல்லது. முன்னால் அதைச் செய்யாதீர்கள் என்பேன். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியும் டிராக் பாரும் ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒரே வளைவில் ஆடும். டிராக் பாரை எடுத்துவிட்டுப் பழைய ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானே திரும்பும்.

முனைகளில் என்ன மூட்டு நல்லது?

ரப்பர் புஷ் சத்தமில்லாதது, மலிவானது, எண்ணெய் கேட்காது. பாலியூரிதேன் கடினமானது, முறுக்கத்தைத் தாங்காது, சில மாதத்தில் கதவுக் கீல் மாதிரி கத்தும். பந்து போன்ற ஹைம் மூட்டு எந்தப் பக்கமும் திரும்பும். ஆனால் நம் செம்மண் தண்ணீரோடு கலந்தால் அரைக்கும் பசைதான். மூடியில்லாத ஹைம் மூட்டு அதில் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். நடுவழி, கிரீஸ் அடித்து, பிரித்து, உள்ளேயுள்ள கிண்ணத்தை மாற்றக்கூடிய 'ஜானி ஜாயின்ட்' வகை. நான் ஒரு முனையில் அதையும் மறுமுனையில் ரப்பரையும் வைத்திருக்கிறேன். ஆறு கடந்து வந்த மறுநாள் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கச் சோம்பேறித்தனம் என்றால் முழுக்க ரப்பரே போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரப்பர் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

நீண்ட கை கீழே மாட்டிக்கொள்ளாதா?

மாட்டிக்கொள்ளும். முதல் முறை என் வண்டியில் போட்ட கிட்டின் பிராக்கெட்டுகள் சேஸிஸுக்குக் கீழே நன்றாகத் தொங்கின. டிஜேயின் சக்கர இடைவெளி 93 அங்குலம்தான். அந்தக் குட்டை வண்டிக்கு மேடு தாண்டுவது இயல்பாக வரும் வரம். நான் காசு கொடுத்து அந்த வரத்தைப் பாதியாக்கிக்கொண்டேன். கோல குபு பாருவுக்கு அப்பால் ஒரு பழைய மரக்கட்டை வழியில் வலப்பக்கப் பிராக்கெட் அடிமரத்தில் கொக்கி போட்ட மாதிரி மாட்டியது. மழை, இருட்டு, அட்டை. மண்வெட்டியால் மரத்தைக் கொத்தி எடுக்க இரண்டு மணி நேரம்.

கிட் வாங்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: சேஸிஸின் அடிவிளிம்புக்குக் கீழே பிராக்கெட் எவ்வளவு இறங்குகிறது? நடுத் தகட்டை மேலே ஏற்றி, கையின் முனையையும் உள்ளே ஒளித்துவைக்கும் அமைப்புகள் உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் லாங் ஆர்மில் கூடுதல் பணம் எங்கே போக வேண்டும் என்றால் அங்கேதான். கீழ்க்கைக்கு 2 அங்குல விட்டமும் கால் அங்குலச் சுவரும் உள்ள குழாய் எடுங்கள். பாறைமேல் அடிவாங்கி வளைவது அதுதான். மேல்கை சற்று மெலிந்தாலும் பரவாயில்லை.

கைகளைத் தவிர வேறு என்ன மாற்ற வேண்டும்?

கைகளின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். அச்சு அதிகமாகத் தொங்கும் என்பதால் நீண்ட ஷாக், நீண்ட பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் கம்பிக்குத் தளர்வு வேண்டும். டிஜேயில் 4 அங்குலத்தில் பின்புற புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிகம் சாய்ந்து அதிரும். கியர்பெட்டிப் பக்கத்து முனையில் இரட்டை மூட்டுள்ள ஷாஃப்ட் போடும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு (ஷாஃப்ட் வந்து பொருந்தும் முனை) ஏறக்குறைய நேராக அந்த முனையைப் பார்க்க வேண்டும். இரு முனையிலும் ஒற்றை மூட்டு என்றால் மூக்கு கியர்பெட்டியின் வெளித்தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மூட்டுகளை மாற்றி மாற்றிச் செலவழித்தவர்கள் ஏராளம்.

எல்லாம் பொருத்தியதும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் அச்சை முழுவதும் ஏற்றிப் பாருங்கள், முழுவதும் இறக்கியும் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே. டயர் எங்கே உரசுகிறது, ஹோஸ் இழுபடுகிறதா, ஷாஃப்ட் கழன்றுவிடும் அளவுக்கு நீள்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஷாக் உள்ளே முழுக்க முட்டும் முன்னால், அச்சு மேலேறுவதை நிறுத்தும் பம்ப் ஸ்டாப் தடுக்க வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் போகும். இந்த நாளைக் கணக்கில் சேர்க்காத பட்டறையைச் சந்தேகப்படுங்கள்.

வெல்டிங் செய்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பட்டறையில் என் முதல் பிராக்கெட்டை வண்ணத்தின் மேலேயே பற்றவைத்தார்கள். பார்வைக்கு அழகான வரி. ஐந்தாம் மாதத்தில் ஓரம் விரிசல் விட்டது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்று முன்னால் இருந்ததால் வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடியதும் பிறகுதான் புரிந்தது.

இப்போது நான் கவனிப்பவை: இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அரைக்கிறாரா, பேட்டரியைக் கழற்றுகிறாரா, எரிபொருள் குழாயை ஒதுக்கி மூடுகிறாரா, ஒரே இழுப்பில் பற்றவைக்காமல் சிறிது சிறிதாக இடம்மாற்றிச் செய்கிறாரா. முதலில் புள்ளி வெல்டிங்கோடு நிறுத்தி, சேஸிஸிலிருந்து அச்சுக்குக் குறுக்காக இருபக்கமும் டேப் வைத்து அளக்கிறாரா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அதோடு, பழைய டிஜேயின் சேஸிஸ் பெட்டிக்குள் சேறு தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், குறிப்பாகப் பின்கை பிராக்கெட்டுக்கு அருகில். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்றால் சரி, 'பொத்' என்றால் முதலில் சேஸிஸுக்கு மருத்துவம். பத்துமலைப் பக்கம் என் நண்பர் ஒருவரின் வண்டியில் தட்டிய சுத்தியல் உள்ளே போய்விட்டது.

போட்ட பிறகு காராக் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் ஆடுகிறது. ஏன்?

மெதுவாக இடமும் வலமும் அலைந்தால் காஸ்டர் குறைவு. மேல்கையைக் குறுக்கித் திருத்தலாம், ஆனால் அதே திருகல் முன் டிஃபரன்ஷியலின் மூக்கைத் தாழ்த்தும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பார்க்க வேண்டும். கெந்திங் செம்பா இறக்கத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் முன்பக்கம் முழுவதும் வெறி பிடித்த மாதிரி உதறினால், டிராக் பாரின் இரு முனையையும் முதலில் பாருங்கள். பிறகு பால் ஜாயின்ட், டயர் பேலன்ஸ். ஆட்டத்தை உறிஞ்சும் புதிய ஸ்டீயரிங் டாம்பர் போட்டு அடக்குவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போல.

ஜேபிஜே என்ன சொல்லும்?

வண்டியின் அமைப்பை மாற்ற ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். "யாரும் பிடிப்பதில்லை" என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். வண்டியை விற்று வேறொருவர் பெயருக்கு மாற்றும்போது அது பரிசோதனைக்குப் போகும். அங்கே சேஸிஸ் எண்ணைப் பார்ப்பார்கள். பிராக்கெட்டுக்காக அரைக்கும்போது அந்த எண் பொறித்த இடத்தைத் தொடவே கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் போவதற்கு வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும் என்பது வேறு விஷயம், ஆனால் அதையும் மறப்பவர்கள் அதிகம்.

பழைய கிட் வாங்கலாமா?

கைகளை வாங்கலாம், குழாய் நேராக இருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பார்த்தால் போதும். மூட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். இன்னொரு வண்டியிலிருந்து அறுத்தெடுத்த பிராக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டில் ஒரே வண்டிதான். தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

ஒழுங்காகப் பொருத்தினால், உயர்த்திய குட்டைக் கை வண்டியைவிட நன்றாகவே ஓடும். என் அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்து ஈப்போ வரை வந்திருக்கிறார். ஏறுவதற்குப் படி வைத்துக் கொடுத்ததோடு சரி. முதல் 100 கிலோமீட்டரிலும், முதல் காட்டுப் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். இன்னொன்று: பெரிய டயரோடு சேர்த்து உயரத்தை அளந்துகொண்டு, உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிட வாசலில் தொங்கும் மஞ்சள் கம்பியையும் அளந்து வாருங்கள். நான் அளக்கவில்லை. இப்போது வண்டி சாலையோரம் நிற்கிறது, அதற்கு மாதாமாதம் வரும் அபராதச் சீட்டை மனைவிதான் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கிறார்.